சூரியோதயம் பார்க்கப் போனவர்கள்

ஜீப்னியை விட்டு இறங்கியதும்
லிகாயா எங்கள் காலணிகளைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
அவள் காலில் ரப்பர்ச் செருப்பு.
இருபதாவது நிமிடம் என் வலது காலணி
வாயைப் பிளந்தது.
கொடிக்கயிறு ஒன்றை அறுத்து
கன்றுக்குட்டிக்குக் கட்டுகிற மாதிரி
கட்டிவிட்டாள்.

நாங்கள் நால்வர்.
மகாத்தியில், பதினேழாம் மாடியில்
இரவெல்லாம் போன் எடுக்கிறவர்கள்.
ஒஹையோவில் யாருக்கோ குளிர்பெட்டி குளிராது,
டெக்சஸில் யாருக்கோ பில் கூடிப்போயிருக்கும்.
அவர்களுடைய பகலுக்கு
எங்கள் இரவை வாடகைக்கு விட்டு
ஆறு வருஷம்.

உச்சிக்குப் போனால்
கடலுக்குள்ளிருந்து சூரியன் ஏறிவரும்
என்று சொன்னவன் பிம்போ.
நாலு மணி நேர நடைதான்
என்று சொன்னவனும் அவனே.

பிரம்பு முள் சட்டையைப் பிடித்து நிறுத்தி
ஒவ்வொருவரையும் விசாரித்து அனுப்பியது.
மழை விட்டு ஒரு மணி நேரமாகியும்
தூவானம் விடாத மரங்கள்,
கழுத்துவரை பாசி.
நெனிதாவின் காதுமடலில் ஓர் அட்டை
தோடு மாதிரி ஒட்டியிருந்தது.
படம் எடுத்துவிட்டுத்தான்
அவளிடம் சொன்னோம்.

"வழி விடுங்க, தப்பா நினைக்காதீங்க" என்று
பெரிய வேர் வரும்போதெல்லாம்
கண்ணுக்குத் தெரியாத யாரிடமோ
லிகாயா அனுமதி கேட்டாள்.
மூன்றாவது வேரில் நாங்களும் சேர்ந்துகொண்டோம்.
பழகிய வேலைதானே,
முகம் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்பது.

ஏழு மணி நேரம் ஆனது.
சோறு அடியில் கருகி மேலே வேகவில்லை.
சட்டியின் மூடியை மறந்தது யார் என்று
சண்டை.
கூடாரம் ஒன்றுதான்;
பிம்போவும் லூசிங்கும் பிரிவதற்கு முன்பே
வாடகைக்கு எடுத்தது.
அவனை அந்த ஓரத்தில்,
அவளை இந்த ஓரத்தில் போட்டு
நடுவில் நானும் நெனிதாவும்
சுவராகப் படுத்தோம்.

பத்து மணிக்கு உடம்பு எழுப்பிவிட்டது.
ஷிஃப்ட்.
எட்டுக் கண்களும் திறந்துகொண்டதை
பார்க்காமலே தெரிந்துகொண்டேன்.

அதுவரை நான் இரவைப் பார்த்ததில்லை.
ட்யூப்லைட்டுக்கு அடியில்
கடிகாரத்தின் மூலையில்
எண்களாகக் கழிவதுதான் இரவு எனக்கு.
இது வேறு.
கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தால்
கை இல்லை.
முகமும் இருக்கிறதா என்று
தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

எங்கோ ஒரு தவளை கூப்பிட்டது.
யாரும் எடுக்கவில்லை.
மறுபடி கூப்பிட்டது.
"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது"
என்றாள் நெனிதா, ஆபீஸ் குரலில்.
கூடாரத்துக் கம்பு வளையும்வரை சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியபின்
இந்த ஓரத்திலிருந்து லூசிங்:
"உங்கள் புகார் என்ன, சார்?"
வெகுநேரம் கழித்து அந்த ஓரத்திலிருந்து:
"ஒருத்தி என்னிடம் பேசுவதில்லை."
"எவ்வளவு நாளாக?"
"இருபத்தாறு."
நான் மூச்சை வயிற்றுக்குள் பிடித்துக்கொண்டேன்.
"லைனில் இருங்கள்" என்றாள்.

அதன்பிறகு ஒன்றும் இல்லை.
தவளைகூட இல்லை.
இலையிலிருந்து இலைக்கு
ஒரு துளி இறங்கிவருவதை
முழுக்கக் கேட்டேன்.

ஐந்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது.
பணம் கொடுத்து, சுளுக்கிக்கொண்டு, ரத்தம் கொடுத்து
எதைப் பார்க்க ஏறினோமோ
அது கடலைவிட்டு எழுந்தபோது
நால்வரும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினோம்.

விழித்தபோது ஒன்பதரை.
எங்கள் கருவாட்டைச் சுட்டுத் தின்று முடித்து
லிகாயா முள்ளை ஊதி எறிந்தாள்.
"வந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு."

"எங்களை எழுப்பியிருக்கலாமே!"
பிம்போவுக்கு அழுகையே வந்துவிடும் போல.

"எழுப்பத்தான் வந்தேன்.
நாலு பேரும் ஒரே பக்கமாத் திரும்பிப் படுத்திருந்தீங்க.
விட்டுட்டேன்."

"எந்தப் பக்கம்?"
லூசிங்தான் கேட்டாள்.

லிகாயா செருப்பை உதறி மாட்டிக்கொண்டு
இறங்கத் தொடங்கியிருந்தாள்.